எந்தப் பக்கத்து இடது

பிப்ரவரி 3
பிரஷர் மீட்டரின் முள் இன்று ஒரு வழியாக ஒட்டியது. நான் செயற்கைப் பல் செய்கிற லேபில் மீந்த கம்பியை நறுக்கியது, நாலாவது முயற்சி. இதைப் பொம்மை என்கிறவர்களை என்ன செய்யலாம்? இது நீராவி என்ஜின் மாடல். பாகங்கள் பெட்டியில் வந்தன. நானும் அண்ணனும் பங்கு பிரித்துக்கொண்டோம். பாய்லர், சக்கரம், பெயின்ட் எல்லாம் அவனுக்கு. டிரைவர் இருக்கும் உள்ளறை எனக்கு. தீப்பெட்டி அளவு இடம்தான். மார்ச் 14 மாடல் சங்கத்தின் கண்காட்சி.

பிப்ரவரி 12
கரி போடுகிற நெருப்புக் கதவு திறந்து மூடுகிறது. இருபது தடவை திறந்து மூடினேன்.

பிப்ரவரி 21
முடிந்தது. அண்ணனிடம் கொடுத்தேன். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தான். "ம்" என்றான். மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ததற்கு ஒரு "ம்". ஊமைக் கோட்டான்.

பிப்ரவரி 28
உள்ளறைக் கூரையை ஒட்டிவிட்டான்.

தூக்கிப் பார்க்கிற கூரை அது. நடுவர்கள் உள்ளே பார்க்கட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். இப்போது பசை போட்டு அடைத்திருக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருட்டு.

"ஏன் ஒட்டின?"

"ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உள்ள யாரு பாக்கப் போறா, விடு."

விடுவதா? அவன் பாய்லரை ஊரே பார்க்கும், என் வேலைக்கு மட்டும் மூடியா? அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 2
ஒன்பது தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

மார்ச் 5
அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், அண்ணியிடம் கேட்டு என்ஜினை எடுத்து வந்தேன். லேபில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், மெழுகு வெட்டும் கத்தியால் கூரையை நெம்பினேன். கீறல் இல்லாமல் வந்தது. நேராகச் சங்கத்துச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் நிஜ என்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நாலு பேர் பார்க்கட்டும் என்ற வீம்புதான்.

குனிந்து பார்த்தார், சிரித்தார். "வேலை அருமைம்மா. டிரைவரை எதுக்கு அந்தப் பக்கம் உக்கார வச்ச?"

பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் இடது என்றுதான் இருந்தது. இடதுதானே வைத்தேன்—

இல்லை. பல் டாக்டர் அனுப்புகிற சீட்டில் இடது என்றால் நோயாளியின் இடது, படத்தில் வலப்பக்கம் இருக்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். எனக்கு முதுகைக் காட்டி நிற்கிற என்ஜினையும் என் எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்த ஆள் என்று நினைத்து, இடதை என் வலப்பக்கம் வைத்துவிட்டேன். இருக்கை, பிரேக், குழாய் எல்லாம் பக்கம் மாறிவிட்டன.

அண்ணனுக்கு அன்றைக்கே தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான்.

மார்ச் 6
"தெரிஞ்சுதானே ஒட்டின?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவ்வளவு ஆசையா எடுத்துட்டு வந்த. எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது. நான் செய்யற பல்லு இடிச்சா, வந்தவன் என் மூஞ்சிக்கு நேரா சொல்றான். நான் செத்தா போயிட்டேன்? திருப்பிச் செஞ்சு குடுக்கல?"

என் வேலையை மதிக்கவில்லை என்று ஒரு வாரம் கொதித்தேன். இப்போது, சொன்னால் தாங்கமாட்டேன் என்று நினைத்தானே, அதுதான் எரிகிறது. நான் என்ன பச்சைக் குழந்தையா? தப்பு என்னுடையது. அதற்கும் சேர்த்து அவன் மேல்தான் கோபம் வருகிறது. வரட்டும்.

மார்ச் 9
லீவு போட்டு எல்லாவற்றையும் பிய்த்துவிட்டேன். ஏழு குழாய்கள். மதியம் அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தான். நான் கையை நீட்டினேன், இடுக்கியை வைத்தான். "இதில்ல, சின்னது" என்றேன். மூன்று நாளில் அவனிடம் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 14
கண்காட்சி மேஜையில் ஓர் அட்டை. 'கூரையைத் தூக்கிப் பார்க்கவும்.' அண்ணனின் கோழிக் கிறுக்கல்.

கதவு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது லென்ஸும் கையுமாக நின்றான். செயலாளரும் பக்கத்தில் இருந்தார்.

"ஒரு குழாய் கோணலா இருக்கு" என்றான், என் முகத்தைப் பார்த்து.

இப்போதா சொல்வது? சுர்ரென்று வந்தது. இடுக்கியை எடுத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்றேன்.

"இடது" என்றான். கொஞ்சம் யோசித்து, "என்ஜினோட இடது" என்றான்.