திருப்பி வைத்த நாற்காலி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். பக்கவாதம் வந்தும் நடக்கிறார், பேசுகிறார், நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். உண்மையை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மனம் மறந்துவிட்டது. கண்ணில் குறை இல்லையாம். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? பட்டினி போட்டே கொல்லப் பாக்குறியாடி?" என்று கத்துகிறார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுகிறார். அது பரவாயில்லை அக்கா. அந்த 'டி'யைத்தான் தாங்க முடியவில்லை. குட்டிம்மா என்பதைத் தவிர என்னை வேறு எப்படியாவது கூப்பிட்டிருக்கிறாரா? சலூனுக்கு வருகிறவரிடம் தலையைச் சாய்க்கச் சொல்வதைக்கூட உதவி கேட்பதுபோலக் கேட்பாரே. நேற்று டம்ளரை எறிந்தார். என் காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டது.

விடிந்ததும் சவரக் கத்தியைக் கேட்கிறார். சலூனைத் திறக்க வேண்டுமாம். நான் அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் பயந்து பயந்து கையை விடுகிறேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அவர் தூங்கும்போது மட்டும்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது.

வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன்.

உன் எலி


மார்ச் 15

என் எலிக்கு,

மடியில் பச்சைக்குழந்தை. அதற்குத் தலை நின்றதும் ஓடி வருகிறேன். அம்மா போனபிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவருக்குச் சோறு பொங்கிப் போட்டவள் நீ. நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? ஆனால் கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிறவளும் நீதானே!

கத்தியைக் கொடுத்துவிடு. ஆயுசெல்லாம் அதைப் பிடித்த கை. கைக்கு வந்துவிட்டால் நம் அப்பா தானாகத் திரும்பிவிடுவார்.

உன் கடிதத்தில் முதல் வரிக்குப் பிறகு அப்பா என்ற சொல்லே இல்லை. அவர், அவர் என்றே எழுதியிருக்கிறாய்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கத்தியைக் கொடுத்தேன். டீக்கடை மாமா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். "ஏன் பாப்பா பேயறஞ்ச மாதிரி நிக்குற? கழுத்து என்னோடதுதானே!" என்று சிரித்தார்.

அப்பா எப்போதும்போலக் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துக் கூர் பார்த்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒரு கன்னம் பளிங்கு மாதிரி வந்தது. நீ சொன்னது நடந்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் துண்டை உதறி, "முடிஞ்சுது, எழுந்திருங்க" என்றார். அடுத்த கன்னம் முழுக்க நுரை.

"இது யாருக்குப்பா மிச்சம் வச்ச?" என்றார் மாமா, மெதுவாக.

அப்பா கத்தியோடு என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்குறீங்களா?"

நான் கதவுவரை ஓடிவிட்டேன் அக்கா. மாமாதான் அப்பாவின் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து நுரையில் வைத்தார். அப்பா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சேன்னுதான் நெனச்சேன். என்னை நெனச்சா எனக்கே பயமா இருக்குடி."

வீட்டில் பயப்படுவது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

தட்டைத் திருப்புவதுபோல மாமாவின் நாற்காலியைத் திருப்பி, நுரைக் கன்னத்தை அப்பாவின் வலது பக்கம் கொண்டு வந்தேன். "அட, இங்க இருக்கு!" என்றார் அப்பா. மாமா கத்தியை மறுபடி அவரிடம் நீட்டினார். தோலை இழுத்துப் பிடிக்க இடது கைக்குத் தெம்பில்லை. நான் பிடித்தேன். கடைக்காரரிடம் சில்லறை வாங்கவே கூசுகிறவள், ஒரு வேற்று ஆளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தி என் விரல் நுனிவரை வந்து வந்து போனது. விரலை எடுக்கவில்லை.

இப்போது கடை அப்படித்தான் நடக்கிறது. வேலை முடிந்ததும் கத்தியை என்னிடம் நீட்டி, "அரிசியிலேயே இருக்கட்டும்" என்கிறார்.

குட்டிம்மா என்று இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. இனி கூப்பிடுவார் என்றும் தோன்றவில்லை. நீ தேடி வருகிற அப்பா இங்கே இல்லை அக்கா. இருப்பவர் இவர். இவரையும் அப்பா என்று எழுதிப் பழகுகிறேன்.

குழந்தையோடு வரும்போது அவருக்கு வலது பக்கமாக நின்று கூப்பிடு. இடது பக்கம் நின்றுவிட்டு, அப்பா திரும்பியே பார்க்கவில்லை என்று அழாதே. அங்கே நின்று நான் நிறைய அழுதாகிவிட்டது.

உன் எலி