வாய் மூடாத சீமாட்டி

மார்ச் 2, ஞாயிறு

அருங்காட்சியகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. சீமாட்டியைப் பஞ்சடைத்துப் பாடம் செய்து முடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாயிற்றாம். செத்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் மிருகக்காட்சிசாலையில் பதினான்கு வருடம் நான் கூண்டு கழுவி, கறி போட்டு வளர்த்த சிறுத்தை. புதன்தான் எனக்கு லீவு. அதுவரை எப்படி ஓட்டுவது?

வீட்டுக்காரி சொல்கிறாள்: "எங்க அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் கால் வலி வந்துடும்."

மார்ச் 5, புதன்

பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

வாயைப் பிளந்து, மூக்கைச் சுருக்கி, பாய வருகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். சீமாட்டி யாரைப் பார்த்துச் சீறினாள்? கடைசி மூன்று வருடம் அவளுக்குக் கோரைப்பல் ஒன்றுகூட இல்லை. கறியைக் கொத்திக் கொத்தித்தான் கொடுப்பேன். தின்றதும் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு நிற்பாள், சொறிந்துவிடும் வரை நகரமாட்டாள். இப்போது வாய் நிறையப் பளபளவென்று பல். எவன் பல்லோ.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஓடாதீங்க, அது ஒண்ணும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

கொடுக்கச் சொன்னது நான்தானே. "எரிச்சிடலாமா, மியூசியத்துக்குக் கொடுத்திடலாமா, நீயே சொல்லுப்பா" என்று கால்நடை டாக்டர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கொடுத்தால் நினைத்தபோது போய்ப் பார்க்கலாமே என்று — எனக்காகத்தானே சொன்னேன்?

மார்ச் 6, வியாழன்

வேலையில் மனம் ஓடவில்லை. கிழக் கரடிக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன். தொட்டியை உருட்டித் திட்டியது. திட்டட்டும்.

மார்ச் 19, புதன்

பாடம் செய்தவரையே பிடித்துவிட்டேன். நல்ல மனிதர், உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"வாயை மட்டும் மூடிடுங்க சார், அது போதும்."

"தோல் இறுகிப்போச்சுங்க. இப்ப கை வச்சா கிழிஞ்சிடும்." அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாய் மூடியிருந்தா யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க."

நான் பதினாலு வருஷம் நின்னு பார்த்தேனே?

ஏப்ரல் 9, புதன்

இன்றோடு ஆறு தடவை. வீட்டுக்காரியும் கூட வந்தாள். சீமாட்டி புராணம் கேட்டுக் கேட்டுச் சலித்தவள், உயிரோடு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெட்டி முன் வந்ததும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கிட்டயா தினமும் கையை நீட்டினீங்க?"

அது அவள் இல்லை என்றேன். பஸ்ஸில் வீடு வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். "சரிங்க, சரிங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

சீமாட்டி முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. கண்ணை மூடினால் பெட்டியில் நிற்கிறதே, அதுதான் வருகிறது. அந்தப் பல்லோடு வந்து கம்பியில் கன்னத்தை வைக்கிறது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

கிழக் கரடி போய்விட்டது. தூக்கத்திலேயே. காலையில் கூப்பிட்டேன், எழவில்லை. டாக்டர் அதே படிவத்தோடு வந்தார். அருங்காட்சியகத்தில் கரடி இல்லையாம், கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

"புதைச்சிடலாம் சார்."

"யோசிச்சுச் சொல்லுப்பா. அப்புறம் பார்க்கணும்னு தோணுமே?"

"பார்க்கணும்னுதான் சார் புதைக்கச் சொல்றேன்."

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பின்சுவர் ஓரம் மண் இளக்கமாக இருந்தது. மதியத்துக்குள் இடுப்பளவு வெட்டிவிட்டேன்.