பக்கத்து சீட்டுப் பிள்ளையார்

யஸ்வந்த்,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. தறி வேலைக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது, வேர்க்கடலைச் சட்னி பக்கத்திலேயே. வீட்டுச் சாவியை எதிர்வீட்டு ஸ்ரீதேவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

உன் காரிலிருந்து பிள்ளையாரை எடுத்துவிட்டேன். நேற்று காணிப்பாக்கத்தில் புதுக் காருக்குப் பூஜை போட்ட கையோடு வாங்கி, பக்கத்து சீட்டுக்கு எதிரே ஒட்டியது நான்தான். நான் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன், அப்படியும் அதற்கு வீடு வந்து சேரும்வரை கத்தினாய். "அதுக்குக் கீழதான்மா ஏர்பேக் கீது. வண்டி இடிச்சா கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள மூடியக் கிழிச்சிக்கினு வெடிச்சி வரும். பித்தளப் புள்ளையாரு கல்லாட்டம் மூஞ்சில அடிப்பாரு. பெல்ட் போடலன்னா அந்தப் பையே அடிக்கும்" என்றாய்.

எனக்கென்ன தெரியும்? பெங்களூர் வரை தனியாக ஓட்டுகிறாயே, பக்கத்தில் ஒரு துணை இருக்கட்டும் என்று வைத்தேன்.

இன்று காலை பசையைச் சுரண்டும்போதுதான் தோன்றியது. யாருமே உட்காராத சீட்டுக்காக ஒருத்தனுக்கு இவ்வளவு கோபம் வராது.

அந்தப் பெண் யாரென்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி உட்காரச் சொல். ஒட்டும்போது நான் முன்னால் இழுத்துவிட்டேன். பெல்ட் போடட்டும். காலைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டாம்.

அம்மா

பசைக் கறையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறேன். பிள்ளையாரைத் தேடாதே, என் தலைமாட்டில் இருக்கிறார். உனக்குத்தான் துணை கிடைத்துவிட்டதே.