அம்மாபேட்டையிலிருந்து வந்த பால்

தம்பி மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்று நேற்று சேலத்துக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசம் அடித்ததும் உன் முகம்தான் வந்தது. நீ போய் இரண்டு வருஷமாகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத என் மகள் பால் குடிப்பதை நிறுத்தி, உடம்பு சில்லிட்டுக் கிடந்தாள். மோகனூரிலிருந்து பதறியடித்துச் சேலத்துக்குத் தூக்கி வந்தோம். பக்கத்துக் கட்டிலில் நீ, அதே சேலத்து அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண், உன் மகனோடு இருந்தாய். இரண்டு குழந்தைகளுக்குமே ரத்தத்தில் கிருமி என்றார் டாக்டரம்மா. இருவருக்கும் ஒரே மருந்தைத்தான் ஊசியில் போட்டார்கள். உன் மகன் கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதான். என் மகள் அப்படியே கிடந்தாள்.

"இவ உடம்புல இருக்கிற கிருமி இந்த மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. எதுக்கு அடங்கும்னு ரத்தப் பரிசோதனையில தெரியும். அதுவரைக்கும் பொறுங்க" என்றார்.

என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஊசியே கேக்கலீங்க. ஊட்டுக்கே தூக்கிட்டுப் போயர்றோமுங்க" என்று பையைக் கட்டினார். பயத்தில் எனக்குப் பாலும் வற்றிவிட்டது. குழாய் வழியாக ஊட்டக்கூடப் பாலில்லை.

நீ எழுந்து டாக்டரம்மாவிடம், "என் பாலைக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டாய். அவர் சரியென்றார். மாமியார் முகம் சுளித்தார். "எந்த ஊட்டுப் பாலோ..."

"அம்மா, முதல்ல குழந்தை குடிக்கட்டுங்க. சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்" என்றாய்.

அவருக்கு என்ன தோன்றியதோ, கட்டிய பையைப் பிரித்து டம்ளரை எடுத்தார். அதைக் கொதிநீரில் போட்டெடுத்து உன் கையில் தந்ததும் அவர்தான்.

உங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் காலையும் சாயங்காலமும் நீ வந்தாய். பரிசோதனை முடிவு வந்தது. மருந்தை மாற்றினார்கள். ஒரு சாயங்காலம், நீ பால் எடுத்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் வீறிட்டு அழுதாள். நாம் இருவரும் சிரித்துவிட்டோம். மாமியார் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப சாமி" என்றார். அந்தச் சண்டையை நீங்கள் இருவரும் கடைசிவரை போடவேயில்லை.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்பவர்களிடம், "பையன் எங்கூட இருக்கான், பொண்ணு மோகனூர்ல வளருது" என்பாய். நான் திருத்தியதில்லை. கல்யாணத்தன்று அவள் முதலில் உன் காலில்தான் விழுந்தாள்.

இப்போதும் யாராவது, "நீங்கதான் அவளோட அம்மாவுங்களா?" என்று கேட்டால், "ரெண்டு பேர்ல ஒருத்திங்க" என்கிறேன்.