மாமியார், மூன்று மில்லிமீட்டர்

அடியே,

இன்று காலை பிளைவுட் கருகும் வாசனை சேலையெல்லாம் ஏறிவிட்டது. ஸ்ரீரங்கத்து வீடொன்றின் வாசலுக்குப் பெயர்ப்பலகை. லேசர் ஒரே கோட்டில் இரண்டு முறை ஓடியும் பலகை அறுபடவில்லை, ஓரம்தான் கரியானது. நீ இருந்திருந்தால், “மரத்த வெட்டச் சொன்னா அடுப்பு மூட்டுறியாடி?” என்று கேட்டிருப்பாய்.

காட்டூரில் இந்த லேசர் வெட்டும் கடையை நாம் திறந்த புதிதில், எந்தப் பலகைக்கு எவ்வளவு சூடு, என்ன வேகம் என்று துண்டு துண்டாக வெட்டிப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நீ. பெயர் வைத்ததும் நீதான். சீக்கிரம் புகைகிற அட்டை ‘கோவக்காரன்’. உருகிச் சொட்டுகிற அக்ரிலிக் ‘அழுமூஞ்சி’. மூன்று மில்லிமீட்டர் பிளைவுட் ‘மாமியார்’. “ஏண்டி மாமியார்?” என்றேன். “மெதுவாப் போனாத்தான் வழிக்கு வரும்,” என்றாய். உன் மாமியார் அப்போது கடைக்குள் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாகத் திரையைத் திருப்பி வைத்தேன்.

காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் ஆறு மாதம் ஆகிறது. அதன்பின் லேசர் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து வந்தது. வேகத்தைக் குறைத்துப் பதிந்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? நீ பதிந்த எண்ணில் கைவைக்க மனசு வரவில்லை. இரண்டு முறை ஓட்டி, கருகிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்துவந்தேன்.

போன வாரம் கம்ப்யூட்டர் மக்கர் செய்யவே புதிது வாங்கினேன். சாப்ட்வேர் அமைப்புகளைப் பென்டிரைவில் எடுத்து இதில் போட்டேன். திரை அச்சாகப் பழையபடியே வந்தது. அப்பாடா என்று பழையதைத் துவாக்குடியில் ஒரு கடைக்காரரிடம், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு விற்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நேற்று மெட்டீரியல் பட்டியலைத் திறந்தால் நீ வைத்த ஒரு பெயரும் இல்லை. அமைப்பு வேறு, பட்டியல் வேறு. பட்டியலைத் தனிக் கோப்பாக எடுத்திருக்க வேண்டும். படுபாவி, அதை எடுக்கவேயில்லை.

“அண்ணே, அழிச்சிட்டீங்களா?” என்று அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“இன்னும் கை வைக்கலைம்மா. ஏன் அழுறீங்க? பதறாம வாங்க.”

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. நீ இன்னொரு தடவை சாகப்போகிறாய் என்றுதான் தோன்றியது. அவர் இரண்டு மூன்று முறை முயன்று பழையதை உயிர்ப்பித்தார். கோவக்காரன், அழுமூஞ்சி, மாமியார், எல்லாம் இருந்தன.

“மாமியாரா? இது என்னம்மா?” என்றார்.

“பிளைவுட்ங்க,” என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன். பட்டியலை இந்த முறை தனிக் கோப்பாக எடுத்து வந்து புதியதில் ஏற்றினேன்.

இன்று அந்தக் கரிந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஓரம் சுத்தமாக இல்லையென்றால் கடையை விட்டு வெளியே அனுப்பமாட்டாய் நீ. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இத்தனை மாதமும் நீ ஒத்துக்கொள்ளாத வேலையை உன் எண்ணிலேயே செய்து கொடுத்திருக்கிறேன்.

மாமியாரைத் திறந்தேன். வேகம் பதினெட்டு, நீ வைத்தது. பதினான்காக்கிச் சேமித்தேன். புதுப் பலகை ஒரே ஓட்டத்தில் விட்டு விழுந்தது.

பெயர்களைத் தொடமாட்டேன். எண்கள் இனி மாறிக்கொண்டுதான் இருக்கும். பதினெட்டு அந்தப் பட்டியலில் இல்லையடி. என்னிடம் இருக்கிறது.