கழிக்காமல் எழுதியது

மார்ச் 4, செவ்வாய்

ரத்த அழுத்தம் 168/102. போன மாதத்தைவிடக் கூடுதல். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். "வேளை தவறாம போடுறா டாக்டர். அதுல அவ கெட்டி" என்றார் என் வீட்டுக்காரர். நான் தலையாட்டினேன்.

திங்களும் வெள்ளியும் விரதம். தண்ணீர்கூட இறக்காதவள் மாத்திரையை எப்படிப் போடுவேன்? இவருக்கு அது தெரியாது. நாலு பேர் முன்னால் இவரைப் பொய்யராக்க முடியுமா?

இன்னொரு மாத்திரை சேர்க்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளை நிரப்ப வேண்டும். அன்றாடச் சின்ன எரிச்சல்கள், முப்பத்திரண்டு வரி: சாவியைத் தேடுவது, வரிசையில் நிற்பது, பக்கத்து வீட்டுச் சத்தம்... ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கணக்கு எழுதுவது எனக்குப் புதிதா என்ன.

மார்ச் 7, வெள்ளி

விரதம். தாளில் எல்லாம் பூஜ்யம்.

மார்ச் 11, செவ்வாய்

அழுத்தம் பார்க்கப் போனபோது தாளைப் பார்த்த நர்ஸ், "ஏழு நாளும் பூஜ்யமா? உங்க வீட்டுல மனுஷங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்றாள்.

விளக்கினேன். குக்கர் பாதியில் மக்கர் செய்தது, எரிச்சல் 2. உட்கார்ந்து பிரார்த்தித்தேன், 2 போயிற்று. மீதி 0. வந்ததில் தீர்ந்ததைக் கழித்துத்தானே எழுத வேண்டும்?

என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "கடவுள் கழிச்சுக்கட்டும். நீங்க கழிக்காதீங்க. வந்தத வந்தபடி எழுதுங்க."

மார்ச் 12, புதன்

கழிக்காமல் எழுதினேன். மொத்தம் 27. கை கூசியது. படைத்தவன்மேல் புகார் கொடுப்பது மாதிரி.

மார்ச் 15, சனி

நாலு நாளை வரிவரியாகக் கூட்டினேன். குழாயில் தண்ணீர் நின்றது, 3. இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தது, 4. பதினெட்டாவது வரி: 'நீங்கள் பேச வேண்டிய இடத்தில் வேறொருவர் பேசிவிடுதல்'. 11. மறுபடி கூட்டினேன். பதினொன்றேதான்.

துணிக்கடையில் "உங்களுக்கு எந்தக் கலர்மா?" என்றால், "அவளுக்கு நீலம்." போனில் தங்கை "அக்கா எப்படி இருக்கா?" என்றால், "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா."

கெட்ட மனுஷரா? இல்லை. எனக்கு எதற்குச் சிரமம் என்றுதான். ஆனா எனக்கு நீலம் பிடிக்கவே பிடிக்காதே — இத யாருகிட்ட போய்ச் சொல்றது?

மார்ச் 17, திங்கள்

விரதம். தலை சுற்றி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாளைக்கும் இவர்தான் பதில் சொல்வாரா? சாமி, என் வாயை நீதான் திறக்கணும். — இல்ல. நான்தான் திறக்கணும்.

மார்ச் 18, செவ்வாய்

கூப்பிட்டதும் இவரும் எழுந்தார். "நீங்க இங்கேயே இருங்க. நான் மட்டும் போறேன்."

"ஏன், நான் வந்தா என்ன?"

"நீங்க வந்தா நான் பேச மாட்டேங்க."

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வாரத்துல ரெண்டு நாள் போடறதில்லையா? தெரியாம நான் இன்னொன்னு ஏத்தியிருப்பேனேம்மா." ஒரு வாய்த் தண்ணீரில் விரதம் கெடுமா என்பதை மட்டும் நானே முடிவு செய்ய வேண்டுமாம். செய்துவிட்டேன். கெடாது.

திரும்பும் வழியில் இவரிடமும் சொன்னேன்.

"அப்ப இத்தனை நாள் நான் டாக்டர்கிட்ட சொன்னதெல்லாம்?"

"உங்களுக்குத்தான் தெரியாதே."

தெருமுனையில் நின்றார். பிறகு, "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

136/86. மாத்திரை கூட்டவில்லை.

வீடு திரும்பும்போது படிக்கட்டில் மாடி வீட்டுக்காரர். "வீட்ல அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று இவரைக் கேட்டார். இவர் வாயெடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். மாடி வீட்டுக்காரரும் திரும்பினார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

நின்றார்கள்.