நம் வீட்டுப் புலிக்குப் பொட்டு

அக்கா,

செலண்டார் வாழ் பெருமக்களுக்கும் மேலுலகம் போய்விட்ட உனக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுப் புலிக்கு முகம் மாறிவிட்டது. அப்பா பழைய காரை விற்றுப் புதுசு எடுத்திருக்கிறார். கதவைத் திறந்தாலே புது இருக்கை வாசம். உனக்குத் தலை சுற்றியிருக்கும்.

நீ குழந்தையாக இருந்தபோது அப்பா ஓட்டிய காரின் முகப்பில் பிறையும் நட்சத்திரமும்தான். நான் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. அடுத்த காருக்கு அதே கம்பெனி கேடயத்துக்குள் புலித்தலையை வைத்து அனுப்பியது. வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி, குங்குமம் குழைத்து, புலியின் நெற்றியில் நீ பொட்டு வைப்பாய். அதற்குப் பிறகுதான் அம்மா ஏறுவார்.

"பட்டை போட்ட புலிக்குப் பொட்டு வேறயா? விட்டா காவடியும் தூக்க வைப்ப" என்று சீண்டுவேன் நான்.

"வாய மூடு லா. அது நம்மள பத்திரமா கூட்டிட்டுப் போவுது. நீ என்ன கிழிக்கிற?"

பக்கத்து வீட்டுக்கு அதே கம்பெனியின் வட்டச் சின்னம் வைத்த கார் வந்தபோது நீதான் ரொம்ப வருத்தப்பட்டாய். "பாவம்டா, புலிய மோதிரத்துல அடைச்சிட்டாங்க. பொட்டு வைக்க எடமே இல்ல."

உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் நம் கேடயப் புலிதான். திரும்பும்போது நீ இல்லை. அன்றிலிருந்து அம்மா எந்தக் காரிலும் ஏறவில்லை. டுரியான் துங்காலில் சித்திக்குக் குழந்தை பிறந்தும் போய்ப் பார்க்கவில்லை. புதுக் கார் வந்தும், "அவ பொட்டு வைக்காத வண்டியில எனக்கென்ன வேலை?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. உன் குங்குமக் கிண்ணத்தை எடுத்தேன். புதுப் புலிக்கு வண்ணமும் இல்லை, கேடயமும் இல்லை. வெள்ளி வளையத்துக்குள் வெறும் கோடுகளாய் ஒரு முகம். நெற்றி நகமளவுதான். ஆனால் உன் தம்பி யார்? ஒரே தொடுதல், அம்மா முன் இருக்கையில்! சித்தி வீட்டில் எல்லாரிடமும் அளந்துவிட்டேன்: "அம்மாவ வண்டியில ஏத்துனதே நான்தான். அப்பாவால முடிஞ்சுதா?"

சரி, உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். குனிந்ததும் உன் விரல் ஞாபகத்துக்கு வந்தது. கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. பொட்டு மூக்கில் விழுந்தது. துடைக்கப் போய் முகமெல்லாம் அப்பிவிட்டேன். வாசலில் நின்ற அம்மா அதைப் பார்த்ததும் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தார்.

"தள்ளுடா. அவ இப்படியா வைப்பா? புலிக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கு."

முந்தானையால் துடைத்து, நெற்றியில் சின்னதாக வைத்தார். அதே முந்தானையால் என் மூக்கையும் துடைத்துவிட்டு, கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

இனி வெள்ளிதோறும் நான்தான் வைக்க வேண்டுமாம். அம்மா பக்கத்தில் நிற்பாராம். இரண்டு மூக்கையும் துடைக்க ஆள் வேண்டுமே, அக்கா.